சீல் உடையாத மோட்டார்

சக்ரபாணி ஒரு நட்டை இறுக்கினால் அது இறுகியதுதான். அப்புறமும் ஆடினால் குற்றம் நட்டு மேல் இல்லை, ஆடுகிறது என்று சொன்னவர் மேல். பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷமாகத் தரப் பரிசோதகராக இருக்கிற மனுஷன், லேசுப்பட்டவரா?

அவர் மனைவி கல்பகத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு வேலை கிடைத்திருந்தது. சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. திங்கட்கிழமை காலை எட்டரைக்குச் சேர வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று பிரின்சிபால் ரஷ்மி மேடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். குஷாய்குடாவிலிருந்து நாலு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் மடங்கி உட்கார கல்பகத்தின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்கூட்டர் சக்ரபாணிக்கு ஒத்துக்கொள்ளாது. பெண்டாட்டி எங்கேயாவது விழுந்து வைப்பாளாம்.

மகன் ஹர்ஷா மாதாப்பூரில் சாஃப்ட்வேர் பார்க்கிறவன். அம்மாவின் பழைய சைக்கிளில் மாட்டிக்கொள்ள, சீனாவிலிருந்து ஒரு மின்சார மோட்டாரை வரவழைத்து அனுப்பினான். “ஈஸிம்மா, அப்பா பண்ணிடுவா” என்று ஃபோனில் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டான். மீட்டிங் என்று ஒன்று இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் என்னதான் செய்வார்களோ.

அப்பா பண்ணினார். பெடல் அச்சு போகிற குழாய்க்குள் மோட்டாரின் தண்டைச் செருகி, மறுபக்கம் பல் வைத்த ஒரு தகட்டைப் போட்டு, அதை இரண்டு ஸ்க்ரூவால் மோட்டாரோடு பிணைத்து, தகட்டின் மேல் பெரிய லாக் நட்டை இறுக்கினார். அப்புறம் ஆபீஸ் வழக்கப்படி, நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். அதுதான் சீல். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சீல் வைத்ததை இன்னொரு பரிசோதகர் கையெழுத்து இல்லாமல் திறக்கக் கூடாது. அது சட்டம். யார் வீட்டுச் சட்டம் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

வியாழக்கிழமை கல்பகம் ஓட்டிப் பார்த்தாள். காலனி மேட்டில் மோட்டாரை முடுக்கியதும், கீழே தொங்கிக்கொண்டிருந்த அது மேலே எகிறி ஃபிரேமில் டொக்கென்று இடித்தது. செயின் கழன்றது. பால்பூத் சுவரைப் பிடித்துத் தப்பித்தாள்.

“ஏன்னா, மோட்டார் ஆடறது.”

சக்ரபாணி டார்ச் அடித்துப் பார்த்தார். “சீல் உடையலையே.”

“சீல் உடையலை. மோட்டார் ஆடறது. கையால ஆட்டித்தான் பாருங்கோளேன்.”

“சீல் உடையாம எப்படி ஆடும்? நீ மிதிக்கற விதம் சரியில்லை.”

அடேயப்பா, மிதிக்கிற விதம்! வெள்ளிக்கிழமையும் மோட்டார் ஆடியது, வெள்ளிக்கிழமையும் சீல் உடையவில்லை. சனிக்கிழமை அவரே ஓட்டிப் போய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்த பிறகுதான் மனசு இளகியது. திறந்து பார்க்கலாம் என்றார். ஆனால் முறைப்படி. ஞாயிறு மத்தியானம் ஒரு தாளில் காரணம் எழுதிக்கொண்டு, ரிட்டயர்டு பரிசோதகர் வெங்கடகிருஷ்ணனிடம் கையெழுத்து வாங்கத் திருமுல்கேரிக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து ஃபோன் பண்ணினார்.

“நேர்ல பார்க்காம போடமாட்டாராம். புதன்கிழமை வரேன்னிருக்கார்.”

“எனக்கு நாளைக்கு வேலை.”

“ரெண்டு நாள் கழிச்சுச் சேர்ந்தா குடியா முழுகிடும்?”

கல்பகத்துக்கு அழுகை வந்தது. அழுகையை விட ஆத்திரம் அதிகமாக வந்தது. இருபத்து மூன்று வயதில், கல்யாணமான வருஷமே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். குழந்தை பிறக்கட்டும் என்றார் சக்ரபாணி. அப்புறம், அவன் ஸ்கூல் போகட்டும். அப்புறம், டென்த் முடிக்கட்டும். அவன் இஞ்சினியரிங்கே முடித்து சீனாவிலிருந்து மோட்டார் வாங்குகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். இப்போது வெங்கடகிருஷ்ணன் புதன்கிழமை வரட்டும்.

“நன்னா வரட்டும்” என்று ஃபோனை வைத்தாள். கருவிப் பெட்டியை எடுத்தாள்.

இடது பெடலை அதன் இரும்புக் கையோடு கழற்றி, நட்டையும் ஸ்க்ரூக்களையும் திறந்தாள். சிவப்புக் கோடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே பார்த்தால், தகட்டின் பல்லெல்லாம் வெளியே பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. வழவழப்பான முதுகு குழாய் மேல். பல்செட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு முறுக்கு கடித்த கதைதான். குழாயைப் பிடிக்க ஒன்றுமில்லாமல் நட்டும் தகடும் மோட்டாரும் சேர்ந்தே சுற்றியிருக்கின்றன. சேர்ந்தே சுற்றினால் கோடு எதற்கு உடையப்போகிறது?

தகட்டைத் திருப்பிப் போட்டாள். பல் குழாய் விளிம்பைக் கடித்துக்கொண்டது. அதை மோட்டாரோடு பிணைக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினாள். நட்டைப் போட்டு, ஸ்பானர் பிடியில் ஜன்னல் திரைக் குழாயைச் செருகி, டாக்டர் குறைக்கச் சொல்லித் திட்டின எழுபத்தெட்டு கிலோவையும் அதன் மேல் இறக்கினாள். பெடலை மாட்டிவிட்டு மோட்டாரை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

சாயங்காலம் சக்ரபாணி வந்து குனிந்து பார்த்தார். “யார் திறந்தது?”

“நான்தான். தகட்டைத் தலைகீழா மாட்டியிருந்தேள்.”

அவர் மோட்டாரைப் பிடித்து ஆட்டினார். இன்னொரு தரம் பலமாக ஆட்டினார். தரையில் உதிர்ந்து கிடந்த சிவப்புப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஆக, சீல் சரியாத்தான் இருந்திருக்கு” என்றார்.

கல்பகம் உள்ளே போனாள். புடவைக்கு இஸ்திரி போட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை காலனி மேட்டில் மோட்டாரை முழுசாக முடுக்கினாள். வண்டி முனகாமல் ஏறியது. அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பால்பூத்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

பள்ளிக்கூட வாசலில் ரஷ்மி மேடம் நின்றிருந்தார். சார் கொண்டுவந்து விட்டாரா என்று தெலுங்கில் கேட்டார்.

“இல்லை மேடம், நானே வந்தேன்” என்றாள் கல்பகம்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் சீக்கிரமாகவே வந்துவிட்டீர்களே என்று பாராட்டினார். கல்பகம் தலையாட்டிக்கொண்டாள். கணக்கு டீச்சருக்குத் தெரியாதா, இருபத்தொன்பது வருஷம் லேட் என்று.