லூசியானா சொன்ன வார்த்தை

பள்ளியிலிருந்து போன் வந்தபோது, மகள் எங்கோ விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்றுதான் மிர்தா குரேவிச் நினைத்தாள். மருந்துக்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ரொசாரியோ நகரத்து வெயிலில் ஓடினாள்.

ஆசிரியை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "புதுசா சேர்ந்த யாயேல்கிட்ட லூசியானா, 'யூதச்சி தொட்ட பந்தை நான் தொட மாட்டேன்'னு சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே கழிவறைக்குள்ள போய் பூட்டிக்கிட்டா."

மிர்தா கேட்டாள்: "எங்க லூசியானாவா?"

"உங்க குடும்பப் பேரு தெரிஞ்சதால நானும் முதல்ல நம்பல," என்றாள் ஆசிரியை.

மிர்தா லூசியானாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அடுக்களையில் மகளை எதிரே உட்காரவைத்தாள்.

"யூதர்னா யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"கஞ்சப் பிசினாறிங்கன்னு எங்க கிளாஸ் மார்த்தீன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ யாருடி?"

"அர்ஜென்டினாக்காரி."

"யூதப் பொண்ணும்தான். நானும் அப்பாவும்கூட யூதர்தான்."

அம்மா விளையாடுகிறாள் என்று லூசியானா சிரித்தாள். அம்மா சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "பொய். நாம சாமியே கும்பிடறதில்லையே. யூதருங்க பன்னிக்கறி தொட மாட்டாங்களாமே, நேத்துகூட நாம சாப்பிட்டோமே."

மிர்தா எழுந்து எட்டு வயது மகளுக்குப் பால் காய்ச்சினாள்.

மாலையில் வேலையிலிருந்து வந்த கணவன் சவுல், கேட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டான். "கோயில், சாமின்னு எதையும் திணிக்காம மனுஷியா வளரட்டும்னுதானே விட்டோம்," என்றான்.

"நாம ஒண்ணுமே சொல்லல, சவுல். அதான் மார்த்தீன் சொல்லிக் குடுத்துட்டான்."

சவுல் மேசையைப் பார்த்தபடியே சொன்னான்: "அந்த வார்த்தையைச் சொல்லித்தான் எங்கப்பாவை மில்லுல அடிச்சாங்க. ஒரு காது கேக்காமப் போச்சு."

மிர்தா அதிர்ந்துபோனாள். மாமனாரின் காது பிறவியிலேயே அப்படி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். வாசற்படியில் நின்றிருந்த லூசியானாவும் கேட்டுவிட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மிர்தா அவளை யாயேல் வீட்டுக்கு அழைத்துப் போனாள். யாயேல் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"மன்னிச்சுக்கோ," என்றாள் லூசியானா. "நானும் யூதப் பொண்ணுதான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"எனக்கே நேத்துதான் தெரியும்."

யாயேலின் அம்மா நிமிர்ந்து மிர்தாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. யாயேல் உள்ளே போய்விட்டாள். அவள் லூசியானாவோடு பேச, அடுத்து வந்த குளிர்காலம் முடிய வேண்டியிருந்தது.

குரேவிச் வீட்டில் இப்போதும் ஜெபம் கிடையாது. ஆனால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்காருகிறார்கள். சவுல் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறான். மிர்தா, கப்பலேறி வந்த தன் அத்தைகளைப் பற்றி.

ஒரு வெள்ளிக்கிழமை லூசியானா கேட்டாள்: "சாமி இல்லேன்னா, நம்மள யூதரா ஆக்கினது யாருப்பா?"

"தெரியலடி," என்றான் சவுல். "உங்க தாத்தா இருந்தப்பவே நான் கேட்டிருக்கணும்."