இரண்டு அறை, ஒரே எண்

வேறொரு வீட்டில் அலாரம் பொருத்தப் புதுப் பெட்டியைப் பிரித்தபோதுதான் டாம்சினுக்கு அது உறைத்தது. திருட்டு அலாரத்தின் சென்சார்கள் எல்லாமே ஒன்றாம் எண்ணோடுதான் வரும். மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பொடி சுவிட்சுகளைத் தள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பது பொருத்துகிறவள் வேலை. போன வாரம் மொய்ரா வீட்டில் சமையலறைக்கு ஒன்று. ஹாலுக்கு இரண்டாம் எண் வைக்கப் போகையில், அடுத்த வேலைக்கு நேரமாச்சு என்று முதலாளி கேரத் போனில் கத்தினான். அப்படியே மூடியைச் சாத்திவிட்டு ஓடியிருந்தாள்.

சோதிக்காமல் இல்லை. இரண்டு அறையிலும் நடந்தாள். இரண்டு தடவையும் பீப் கேட்டது. அலாரத் திரையில் எந்த எண் என்று பார்க்கவில்லை. அவசரத்தில் எல்லோரும் காதால்தான் சோதிக்கிறார்கள்.

ஒரே எண் எத்தனை முறை கத்தினாலும், சென்சார் மேல் சிலந்தி ஊர்கிறது என்று கண்காணிப்பு மையத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டு எண் கத்தினால்தான் போலீஸ். மொய்ராவோ, தன்னை அடித்து நொறுக்கிய முன்னாள் கணவன் ஷானுக்குப் பயந்தே அலாரம் வைத்தவள்.

கேரத்திடம் சொன்னாள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான். அவன் வீட்டுக் கதவையா ஷான் உடைக்கப் போகிறான்? வண்டியைத் திருப்பினாள். ஹடர்ஸ்ஃபீல்டின் மேட்டுச் சாலையில் மழை. முன்னால் ஒரு பஸ் நகர்வேனா என்றது.

மொய்ரா வீட்டுக் கதவைத் தட்டினாள். மாடித் திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. தபால் துளை வழியாகப் பெயரைச் சொன்ன பிறகே சங்கிலி விலகியது.

அலாரம் அணைந்து கிடந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டாள்.

"போட்டு என்ன கண்ணு? செவ்வாக்கிழமை வந்தான். காது கிழியக் கத்துச்சு. சமையலறையில நடந்தான், ஹால்ல நின்னு மேல பாத்துச் சிரிச்சான், போயிட்டான். ஒருத்தரும் வரல. போலீசுக்கும் என்னைக் கண்டு சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்."

"சலிக்கல. தப்பு என்னோடது. ரெண்டுக்கும் ஒரே நம்பர் வச்சிட்டேன்."

டாம்சின் ஏணியில் ஏறி ஹால் சென்சாரின் சுவிட்சைத் தள்ளினாள். இறங்கி, அலாரத்தைப் போட்டுவிட்டு, அவன் நடந்த வழியிலேயே நடந்தாள். திரையில் ஒன்று. பிறகு இரண்டு.

மொய்ராவின் போன் அடித்தது. இரண்டு அறையில் ஆள் நடமாட்டம், போலீசை அனுப்புகிறோம் என்றார்கள் கண்காணிப்பு மையத்தில். சோதனைதான் என்று மொய்ரா ரகசியச் சொல்லைச் சொன்னாள். போனைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு அவன் போற வரைக்கும் படியில உக்காந்து, இந்தப் போன் அடிக்காதான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.