தையல் போட்டவங்க சொல்லாதது

ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வருதாம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பூங்கோதையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னாள் ராஜாம்பாள் டீச்சர். கொளஞ்சியம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லாத்தான இருக்கா டீச்சர்? காய்ச்சகூட இல்லீங்களே."

"அதுக்கில்லம்மா. ஆபீசரு பேரு கேட்டா இவ சொல்றது யாருக்குப் புரியும்? புள்ளைங்க சிரிக்கும். அவளுக்குத்தான அசிங்கம்."

"அவளுக்கு ஆபரேஷன் பண்ணியாச்சுங்க."

"பண்ணியும் இப்படித்தான இருக்குது?"

பூங்கோதை மேலுதடும் மேல்வாயும் பிளந்து பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது, விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, வேன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தைத்து அனுப்பினார்கள். இப்போது பத்தாவது படிக்கிறாள். உதட்டில் ஒரு கோடுதான் மிச்சம். ஆனால் வாயைத் திறந்தால் பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான் வந்தது. அம்மா, மாமா என்றால் சுத்தமாக இருக்கும். பூங்கோதை என்று தன் பேரைச் சொன்னாலோ 'மூங்ஙோநை'. வகுப்பில் அவளுக்கு மூக்காயி என்றே பட்டப்பெயர்.

போகப்போக அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். கடைக்குப் போனால் விரலை நீட்டிக் காட்டுவாள். வீட்டுக்கு ஆள் வந்தால் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொள்வாள். "கூச்ச சுபாவம், வயசு புள்ளதான" என்பான் அப்பன் அர்ச்சுனன். கொளஞ்சியம்மாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பண்ணியும் ஏன் இப்படி? டீச்சர் கேட்டது அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாளே மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தையல் அருமையா ஆறியிருக்கு. பேச்சு இனிமே இவ்வளவுதாம்மா. வயசாயிடுச்சில்ல" என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பூங்கோதையிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொளஞ்சியம்மாளுக்கு பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் ப்யூஸ் கட்டைக்குப் பிசிறு எடுக்க வேண்டும். அன்றைக்குக் கவனமில்லாமல் ஒவ்வொரு கட்டையாக உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெஜினா, "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கையைப் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க மாமனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சில்ல? பாண்டியில பேசப் பழக்கிவிடறதுக்குன்னே தனியா ஆளுங்க இருக்காங்க. அவங்கதான் திரும்பப் பேச வெச்சாங்க. இவளையும் ஒருதடவை காட்டேன்."

பாண்டி ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவில் இருந்தது பானுமதி என்ற சின்ன வயதுப் பெண். கொளஞ்சியம்மாள் கதையை ஆரம்பித்ததும், "நீங்க இருங்கக்கா, அவ சொல்லட்டும்" என்றாள். பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். பானுமதி அவசரப்படவில்லை. சின்னக் கண்ணாடி ஒன்றை அவள் மூக்குக்குக் கீழே பிடித்து, "பாப்பான்னு சொல்லு" என்றாள். கண்ணாடியில் ஆவி படிந்தது.

"பாத்தீங்களா? ப, ட, க இதெல்லாம் சொல்ல வாயில காத்து நிக்கணும். இவளுக்கு மூக்குல போயிடுது. தெச்சா மட்டும் போதாதுக்கா, தெச்ச வாய்க்குப் பேசக் கத்துக்குடுக்கணும். இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படுமான்னும் பாக்கணும். மூணு நாலு வயசுலயே வந்திருந்தா ரொம்ப நல்லது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிடல. ஏன் இத்தன வருஷமா வரல?"

அவ்வளவுதான். கொளஞ்சியம்மாள் வெடித்துவிட்டாள்.

"யாரு சொன்னாங்க வரச்சொல்லி? தெச்ச அன்னிக்கு எம்மடியில புள்ளைய வெச்சு போட்டோ புடிச்சாங்க. மேடையில நிக்கவெச்சுக் கை தட்டுனாங்க. ஆப்பிளு குடுத்தாங்க. ஸ்கூல்ல சேத்தப்ப வாத்தியாருங்க பாத்தாங்க. போன வாரம் ஒரு டாக்டரு வாய்க்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்தாரு. இந்த ஒத்த வார்த்தைய சொல்றதுக்கு ஒருத்தருக்கும் வாய் வரலியே! ஊமை எம்பொண்ணா, அவங்களா?"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பானுமதி அவளை அடக்கவில்லை. "நீங்க கேக்கறது நியாயம்க்கா" என்றவள் பூங்கோதை பக்கம் திரும்பினாள். "உனக்கு என்ன பேசணும்னு ஆசை?"

பூங்கோதை என்னவோ சொன்னாள். புரியவில்லை. திரும்பச் சொன்னாள்.

"சண்டை போடணும்."

இன்ஸ்பெக்ஷன் அன்றைக்குக் கொளஞ்சியம்மாளே தலை பின்னி, ரிப்பன் கட்டி, வகுப்பு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். டீச்சர் முகத்தைச் சுளித்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். ஆபீசர் வந்தார், டீ குடித்தார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். எந்தப் பிள்ளையிடமும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் அதைக் கேட்டுக் கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்காடி உன்ன ஒளிச்சு வெக்கப் பாத்தாங்க?" என்றாள்.

மாதம் இருமுறை பாண்டிக்கு பஸ் ஏறினார்கள். கம்பெனியில் அந்த நாள் கூலி போனது. முதலில் ப வந்தது. ட வர மழைக்காலம் ஆனது. பரீட்சை முடிந்ததும் சின்னதாய் இன்னொரு ஆபரேஷன் செய்தார்கள். க இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் புது ஆட்கள் இப்போது ஒருதரம்தான் 'என்ன?' என்கிறார்கள். பிளஸ் ஒன்னில் மூக்காயி என்று கூப்பிட்ட பையனை பூங்கோதை நடுரோட்டில் நிறுத்திக் கேட்டாளாம். அவள் சொன்னது மொத்தமும் அவனுக்குப் புரிந்ததாம்.

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. ஒருநாள் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் முன்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உதட்டில் புதுத்தையல். கொளஞ்சியம்மாள் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, மேல்வாயும் தெச்சாங்களா?"

"ஆமாங்கக்கா. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

"பேச்சுப் பயிற்சிக்கு எப்ப வரணும்னு சொன்னாங்க?"

அந்தப் பெண் விழித்தாள். "அப்படின்னா?"

கொளஞ்சியம்மாள் கம்பியை விட்டாள். "தள்ளி உக்காரு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.