ஏட்டையா சொன்ன பதில்

மனைவி போனதிலிருந்து பாண்டிராஜுக்கு எதுவும் உறைப்பதில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் தென்காசி வரை வந்து ஜன்னலை நனைத்தது. நனைந்தால் நனையட்டும் என்று படுத்திருந்தார். ஏட்டையாவாக ஐந்தருவிக் கூட்டத்தை ஒற்றை விசிலில் ஒதுக்கிய மனிதர், இடுப்பெலும்பு முறிந்தபின் மகன் வீட்டு மாடியை விட்டு இறங்கவேயில்லை.

சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் வேறு. வீட்டோடு முடங்கிய பெரியவர்களைப் பார்த்துவரக் கல்லூரியில் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். இவருக்கு வாய்த்தவள் சஃப்ரின். ஆறுதல் சொல்வதெல்லாம் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. போனில் அவரோடு லூடோ விளையாடுவாள். தோற்கப்போனால், "நெட் போயிட்டு தாத்தா" என்று போனை அணைத்துவிடுவாள்.

"ஏட்டி, யார்கிட்ட?" என்று அவர் அதட்டுவார். வாரத்தில் அவர் குரல் உயர்வது அப்போதுதான்.

போன வாரம் அவள் மெல்லச் சொன்னாள்: "அடுத்த வாரம் எங்க சார் வந்து எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லாருக்கேன்னு சொல்லிராதீங்க தாத்தா, என்னைய வேற வீட்டுக்கு மாத்திருவாங்க. மனசு சரியில்லன்னு சொல்லுங்க, என்ன?"

"அது என்ன பெரிய காரியமா? சொல்லிருதேன்."

பொய்யும் இல்லையே. வாரம் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சார் சஃப்ரினோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்கவும், மருமகள் ஜெயசித்ரா காபியோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. விடிந்ததிலிருந்து வெந்நீர், மாத்திரை, கஞ்சி என்று அவருக்காக ஓடுகிறவள். அவளை வைத்துக்கொண்டு மனசு சரியில்லை என்றால், இந்த வீட்டில் கவனிக்க ஆளில்லை என்று சொன்னதாகிவிடாதா?

"நல்லாருக்கேன் சார். எனக்கென்ன குறை?"

சாருக்கு வாயெல்லாம் பல். "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. அப்ப இவள ஆலங்குளத்துக்கு அனுப்பிருதேன். அங்கன ஒருத்தர் தனியா கெடக்காரு."

சஃப்ரின் நிமிரவில்லை. "வாரேன் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இனி வரமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜெயசித்ரா தம்ளர்களை எடுத்தாள். "ஏன் மாமா, மனசு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்லா? அந்தப் பிள்ள வந்தாத்தான் உங்க சத்தமே வெளிய கேக்கும். நான் என்ன தப்பாவா நினைக்கப்போறேன்?"

யாருக்காக விட்டுக்கொடுத்தாரோ அவளே கேட்கிறாள். அழுதால் தேவலை என்றிருந்தது. அழுகையும் வரவில்லை. "சரிம்மா" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.