மிஸ்ஸுக்கு நான் எழுதிய மூன்றாவது சொல்

விதுர்ஷா மச்சாள், இதை அம்மாவின் ஃபோனிலிருந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறார். வெளிச்சம் தெரியாமல் இருக்கப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு தட்டுகிறேன், அதனால் பிழைகள் இருக்கும். காலையில் எழும்பியதும் நீங்கள் முதலில் ஃபோனைத்தான் பார்ப்பீர்கள் என்று தெரியும். நாளைக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு ஒஃபிஸில் மிஷெல் மிஸ்ஸை விசாரிக்கப்போகிறார்கள். அதோடு அவருடைய வேலை போய்விடும். பெயரும் போய்விடும். அதற்குக் காரணம் நான்தான்.

மிஸ்ஸை உங்களுக்குத் தெரியாது. களுவாஞ்சிக்குடியில் அரிசிக் கடைக்கு மேல்மாடியில், ஓ.எல். பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு ஆறு மாத இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது என்று சொன்னேனே, அங்கே அவர்தான் படிப்பித்தார். மட்டக்களப்பில் டச் பார் என்ற ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பம். அவருடைய அப்பா நெவில் அங்கிள் மோட்டர்சைக்கிள் திருத்துகிறவர்.

மிஸ் எந்தச் சொல்லையும் சும்மா சொல்லித்தர மாட்டார். பிடிவாதம் என்ற சொல்லுக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஆறு பேர் பிடித்து இழுத்தும் எழும்பவில்லை. வழுக்கும் என்ற சொல்லுக்கு ஒரு வாளிக்குள் விலாங்கு கொண்டுவந்தார். அது வாளியை விட்டுக் குதித்துப் படி வழியாக இறங்கி அரிசிக் கடைக்குள் போய்விட்டது. கடைக்காரர் ஸாஹிர் நானா கீழே நின்று, “டீச்சர், இது அரிசிக் கடையா மீன் கடையா?” என்று கேட்டார். “ரெண்டும் சேந்தாத்தானே நானா சோறு,” என்றார் மிஸ்.

எனக்குப் பக்கத்தில் இருக்கும் சப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சரியான லூசு கா இந்த மிஸ்,” என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் லூசு மிஸ். அவருக்கும் அது தெரியும். வகுப்புக்குள் வரும்போதே, “என்ன லூசுகளே, சாப்பிட்டாச்சா?” என்றுதான் வருவார்.

போன மாதம் கொழும்பிலிருந்து, இந்த வகுப்பை நடத்துகிற டிரெக்டர் சேர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆளுக்கொரு ஃபோர்ம் தந்தார்கள். உங்கள் ஆசிரியருக்கு மூன்று பெயரடைகள் எழுதுங்கள், உங்கள் பெயர் எழுத வேண்டாம் என்று அதில் இருந்தது. எல்லாரும் குட், நைஸ் என்று எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வித்தியாசமாக எழுத நினைத்தேன். முதலாவது கைண்ட். இரண்டாவது ஃபன்னி. மூன்றாவதற்கு மிஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். விலாங்குக்குப் பின்னால் சாரியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மிஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். லூஸ் என்று எழுதினேன்.

பச்சைப் பேனையால் எழுதியவள் நான் ஒருத்திதான். இரண்டு நாள் கழித்து ஒஃபிஸ் கிளார்க் நிலோஜன் அண்ணா வந்து கூப்பிட்டார்.

“புள்ள, உண்ட ஃபோர்மத்தான் சேர் கையில வெச்சுக்கிட்டு இரிக்கார். என்னமோ கிடைக்கப்போகுது போல.”

நானும் பரிசு என்றுதான் நினைத்தேன். சேர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். மிகவும் அன்பாகப் பேசினார். நீங்களா எழுதியது என்றார். யெஸ் சேர் என்றேன். இந்தச் சொல் உண்மையா, மிஸ் லூஸா என்றார்.

“யெஸ் சேர். வெரி லூஸ்.”

அவருடைய முகம் மாறியது. யாரோடு என்று கேட்டார். அது எனக்கு விளங்காத கேள்வியாக இருக்கவில்லை. மிஸ் எல்லாரோடும் ஒரே மாதிரித்தானே. எவ்ரிபடி என்றேன். பையன்களோடுமா என்றார். போய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் என்றேன். எங்கே என்றார். கிளாஸில், சில நாளைக்கு பஸ்ஸிலும் என்றேன். உண்மைதானே மச்சாள். பஸ்ஸில் வரும்போதும் மிஸ் எங்களோடு பாட்டுப் பாடுவார், சீட்டில் தூங்குகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவார்.

சேர் எல்லாவற்றையும் டைப் பண்ணி, வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வாசித்தேன். கொண்டக்ட் என்று ஒரு சொல் இரண்டு மூன்று இடத்தில் வந்தது. பஸ்ஸைப் பற்றிச் சொன்னேனே, அதனால் கொண்டக்டரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். கையெழுத்து வைத்துவிட்டேன்.

நிலோஜன் அண்ணா கதவடியில்தான் நின்றார். லூசு என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? பிறகு சப்னா சொன்னாள், அவருக்கும் இங்கிலீஷ் எங்கள் அளவுதானாம், அது சேருக்குத் தெரியக்கூடாது என்று வாயைத் திறக்கவே மாட்டாராம்.

அடுத்த நாள் மிஸ் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வகுப்பு குரூப்பிலிருந்து அவருடைய நம்பரை எடுத்துவிட்டார்கள். சப்னாதான் கேள்விப்பட்டு வந்து என்னைத் தண்ணீர்ப் பைப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“மிஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க கா. நடத்தை சரியில்லயாம். நம்மட வகுப்புப் புள்ள ஒண்டு எழுதிக் குடுத்திருக்காம்.”

“என்னண்டு எழுதினதாம்?”

“லூஸ் எண்டு.”

“லூசு எண்டா நடத்தையா?”

“இங்கிலீசில அதுதானாம். ஆம்பிளையளோட…” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீயா கா?”

நான் வீட்டுக்கு வந்து இந்த ஃபோனில் அகராதியைத் தேடினேன். கொண்டக்ட் என்றால் நடத்தையாம். பிறகு லூஸைத் தேடினேன். நம் வீட்டில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. அப்பாவின் மோட்டர்சைக்கிளில் செயின் லூஸ். தைத்து வந்த சட்டை லூஸ். தேயிலையைப் பைக்கற்றில் வாங்காமல் லூஸில் வாங்கு என்பார் அம்மா. வயிறு குழம்பினால் லூஸ் மோஷன். இங்கிலீசில் இன்னும் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் லூஸ். ஆடுகிற பல் லூஸ். சில்லறைக் காசு லூஸ். சொல்லுக்குச் சொல் ஒட்டாத மொழிபெயர்ப்பும் லூஸ்தான். கீழே, கடைசிக்குக் கிட்டப் போட்டிருந்தது: பெண்ணைக் குறிக்கும்போது, நடத்தை கெட்ட. பழைய வழக்கு என்றும் அதன் பக்கத்தில் இருந்தது. எந்தப் பழசு? சேரின் மேசையில் அது புதுசாகத்தான் இருந்தது.

நாம் சொல்லும் லூசைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஸ்க்ரூ என்ற சொல்லோடு சேர்த்து ஓரிடத்தில் கிடைத்தது. தலைக்குள் ஒரு ஸ்க்ரூ லூஸ் என்பார்களாம். நம்மாட்கள் எப்போதோ ஸ்க்ரூவைக் கழற்றி எறிந்துவிட்டு லூஸை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று சேருக்குக் கோல் எடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அவருடைய குரலைக் கேட்டதும் எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“சேர், நொட் லூஸ். மிஸ் இஸ் குட்.”

உங்கள் வீட்டுக்கு யாரும் வந்தார்களா என்றார். நோ என்றேன். நீங்கள் பயந்திருக்கிறீர்களா என்றார். பயந்துதான் இருந்தேன். யெஸ் சேர் என்றேன். ஐ அன்டர்ஸ்டாண்ட் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் இங்கிலீசில் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸுக்கு இன்னொரு குற்றம் சேர்கிறது.

பின்னேரம் நிலோஜன் அண்ணா அம்மாவுக்குக் கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“அக்கா, புள்ளய ரெண்டு நாளைக்கு வெளிய விடாதீங்க. மிஸ்ஸிட ஆக்கள் மிரட்டியிருக்காங்க எண்டு சேர் நினைக்கார். விசாரணைக்கும் வரத் தேவையில்ல, கையெழுத்து இரிக்கிதானே. மறுகா சொன்னத மாத்தினா பொய்ச் சாட்சி எண்டு பொலிஸுக்குப் போகும்.”

அம்மா ஃபோனை வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“லூசு எண்டுதான் அம்மா எழுதினன். வேற ஒண்டும் இல்ல.”

“கையெழுத்து வெச்சியா இல்லையா?”

“வெச்சன்.”

“அப்ப வாயப் பொத்திக்கிட்டு இரி. பறங்கிப் புள்ளயள் அப்பிடித்தான் எண்டு ஊர் எப்பவோ சொல்லிட்டுது. நீ புதுசா என்னத்தச் சொல்லிட்டாய்?”

“மிஸ் அப்பிடி இல்ல அம்மா.”

“அது உனக்குத் தெரியும். எனக்கு உன்னத்தான் தெரியும். அப்பா கரடியனாத்து வட்டையில இரிக்கார், வெள்ளாமை வெட்டி முடிச்சுத்தான் வருவார். பொலிஸ் வந்து நிண்டா நான் ஆருக்கிட்ட ஓடுற?”

அம்மா படலைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். எனக்கு அம்மாவில் கோபமில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஊர் எப்பவோ சொல்லிட்டுது. மிஸ் மட்டுமே மறுத்துச் சொன்னால், ஓம், அப்படித்தானே சொல்லுவா என்பார்கள். நான் பிழை விட்டேன் என்று நான் சொன்னால்தான் அது பிழை.

மிஸ்ஸின் ஃபோன் மூன்று நாளாக ஓஃப். நான் வெளியே போக முடியாது. நீங்கள் வந்தாறுமூலைக் கம்பஸில் இருக்கிறீர்கள். ஆறரைக்குக் கம்பஸ் வாசலில் பஸ் எடுத்தால் எட்டுக்கு முந்தி டச் பாருக்குப் போய்விடலாம். மோட்டர்சைக்கிள் திருத்தும் நெவில் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். உங்களுக்கு நாளைக்கு லெக்சர் இருக்கும், தெரியும். வேறு யாரிடமும் கேட்க எனக்கு ஆள் இல்லை.

இந்த மெசேஜை முழுதாக மிஸ்ஸிடம் காட்டுங்கள். எழுதியது களுவாஞ்சிக்குடி வகுப்பு நிருஷா என்று சொல்லுங்கள். விசாரணையிலும் இதைத் தமிழிலேயே வாசிக்கட்டும், தமிழ் தெரிந்த வேறு ஆளைக் கூப்பிட்டு சேர் கேட்கட்டும். நீங்கள் கம்பஸில் படிக்கிறவர் என்று நினைத்து இங்கிலீசில் மாற்றிவிடாதீர்கள். பொலிஸ் வருவதென்றால் வரட்டும். அம்மாவுக்கு நான் பிறகு சொல்லிக்கொள்கிறேன், எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

நெவில் அங்கிள் ஏசுவார். என்னை ஏசினால் ஏசட்டும், நீங்கள் கோபிக்காதீர்கள்.

அனுப்பியதும் இதை இந்த ஃபோனிலிருந்து அழித்துவிடுவேன். அதனால் பதில் போட வேண்டாம் மச்சாள், போட்டால் அம்மா பார்ப்பார். நீங்கள் போனீர்களா இல்லையா என்று ஒன்பது மணி தாண்டியும் எனக்குத் தெரியப்போவதில்லை. போனால், எவ்ரிபடி என்று நான் சொன்ன இடத்தை மிஸ் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் வாசிக்க வேண்டும். வாசித்து முடியும் வரைக்கும் அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.