கால்மாடு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவியின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தார் அவர். போன் ஆடியதில் திரையில் தெரிந்த கண்காட்சிக் கூடமும் ஆடியது.

"நேராப் புடிங்க. பஸ் ஓட்டுற மாதிரி ஆட்டாதீங்க," என்றாள் அவள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். குரலில் காற்றுதான் அதிகம்.

அவர் முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற பிறகு, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து, ஒன்றோடு ஒன்று தைத்து, அவற்றில் படம் வரைய ஆரம்பித்தாள். மகள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு, பல நாட்டு ஓவியர்களைக் காட்டும் பெரிய கேலரி ஒன்று வீடு தேடி வந்தது. இன்று மூன்று மணிக்கு சர்வதேச ஓவியச் சந்தை திறக்கிறது. அந்த கேலரியின் ஸ்டாலில் ஆறு பேருடைய படைப்புகள். நடுச்சுவர் முழுக்க இவளுடைய விரிப்பு.

"அம்மா, தெரியுதா?" மகள் அங்கிருந்து போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ஏதோ சொல்ல வந்து இருமினாள். நர்ஸ் ஓடிவந்தாள். அவர் போனை அணைத்தார்.

இருமல் அடங்கியதும் குனிந்து கேட்டார். "தலைகீழா மாட்டியிருக்காங்கன்னு சொல்றியா?"

ஆமாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"போன்ல சொல்லிடறேன். நீ தூங்கு."

"போன்ல சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்களே போங்க."

"உன்னை விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்."

அவர் போகவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை பத்தேகாலுக்கு மூச்சு நின்றது.

மகள் வந்து அழுது ஓய்ந்தாள். கையெழுத்துகள் போட்டாயிற்று. அடக்கம் மறுநாள் காலையில் என்று முடிவாகி, உடலைக் குளிரறைக்குக் கொண்டுபோனார்கள்.

"சந்தையில நம்ம சுவரை மூடிடச் சொல்லிட்டேன்பா," என்றாள் மகள்.

"யாரைக் கேட்டு?"

"அப்பா... அம்மா போயிட்டாங்க."

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன். கெளம்பு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கேலரியின் இயக்குநர் அம்மாள் கறுப்புத் துணியோடு சுவரருகே நின்றிருந்தாள். ஓடிவந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டாள். அவர் அந்தத் துணியை வாங்கி மடித்து நாற்காலியில் வைத்தார்.

"மூட வேணாம்மா. திருப்பி மாட்டுங்க. இது தலைகீழா இருக்கு."

அவள் திகைத்தாள். "ஐயா, கண்காட்சிப் புத்தகத்துலயும் இப்படித்தான் அச்சாகியிருக்கு. மேல இருந்து மழை எறங்குதுன்னு பெரிய கட்டுரையே எழுதியிருக்கோம். பாருங்க, மேல் மூலையில அவங்க கையெழுத்துகூட இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கையெழுத்து இல்லம்மா, சலவைக்கூட முத்திரை. அது எப்பவும் கால்மாட்டுலதான் வரணும். ஒருத்தர் கால் பட்ட பக்கம் இன்னொருத்தர் மொகத்துக்குப் போயிடக்கூடாதுன்னு அடையாளம். முப்பத்தோரு வருஷத்துல ஒரு விரிப்பைக்கூட அவ மாத்தி மடிச்சதில்ல. படம் போடறப்ப மட்டும் மாத்திடுவாளா?"

அவள் அண்ணாந்து அந்த முத்திரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஓவியமெல்லாம் தெரியாது. படுக்க விரிக்கிறதச் சுவத்துல மாட்டுறியேன்னு கேலி பண்ணவன் நான். ஆனா அவ வரையறப்ப நுனியப் புடிச்சுக்கிட்டு நின்னவனும் நான்தான்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "ரெண்டு ஏணி கொண்டு வாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

நாற்பது நிமிடம் ஆனது. மூன்று மூலைகளை ஆட்கள் பிடித்தார்கள். நாலாவதை அவர் பிடித்தார். "உக்காருங்கப்பா" என்ற மகளை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

விரிப்பு நிமிர்ந்தது. மழையாக இறங்கிக்கொண்டிருந்த சாம்பல்நிறக் கோடுகள், இப்போது கீழே குவிந்திருந்த இருட்டிலிருந்து திரள்திரளாகக் கிளம்பி, வெளுத்து, விட்டத்தைத் தொட்டன.

"ஆவி," என்றாள் இயக்குநர், மூச்சு மாதிரி.

"வெந்நித் தொட்டி. ஆறு மணி ஷிஃப்ட்," என்றார் அவர்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. அந்தச் சுவரைச் சும்மா கடந்துபோனவர்கள் குறைவு. வந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்களுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. இயக்குநர் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் 'மழை'யை அடித்துக்கொண்டிருந்தாள்.

"வரைஞ்சவங்க வந்திருக்காங்களா?" என்று யாரோ கேட்டார்கள். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "நான் அவங்க வீட்டுக்காரர்."

ஐந்து மணிவாக்கில் ஒரு மியூசியத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் பின்னால் போய்ப் பார்த்தாள், முன்னால் வந்து பார்த்தாள், கடைசியில் தரையில் மண்டியிட்டு அந்த முத்திரையைப் பார்த்தாள். பிறகு இயக்குநரைத் தனியாக அழைத்துப்போனாள். திரும்பி வந்த இயக்குநருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அவங்க மியூசியத்துக்கு வேணுமாம் ஐயா. நிரந்தரமா. உள்ள நுழைஞ்சதும் முதல் கூடத்துலயே."

மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

"எந்தப் பக்கம் மேலன்னு எழுதிக் குடுத்துடு," என்றார் அவர்.

ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தது. மகள் வண்டி கூப்பிடப் போனாள். அவர் சுவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூடத்தைத் துடைக்க வந்த பெண் அவரருகே வரவும், அவளுக்கு வழிவிட இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார்.

அவள் துடைக்கவில்லை. துடைப்பக் கட்டையில் மோவாயை ஊன்றி, அந்த விரிப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கால்களை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.