ரசத்தில் கரைத்த மாத்திரை

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியை நான். சனிக்கிழமைதோறும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் இலவச கிளினிக் நடத்துவேன். தொண்ணூற்றொன்றில் அங்கேயே ஓர் ஆய்வும் ஆரம்பித்தேன். நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கிற வீடுகள் எத்தனை? வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஒருத்தர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. அத்தனையும் பச்சைப் பொய்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இல்லை என்று சாதித்தவர்களில் செங்கமலமும் ஒருத்தி. அவள் மகன் பாபுவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கையைக் கட்டித்தான் கூட்டிவந்தார்கள். தன்னைத் திட்டும் குரல்கள் அவன் காதில் ஓயாமல் கேட்டன. அதற்கப்புறம் அவன் வரவில்லை. மாதாமாதம் அம்மாதான் மாத்திரை வாங்கிப்போவாள். “அவனே முழுங்கிக்கறான் டாக்டரம்மா” என்பாள். பையன் தேறி, புதிதாக வந்த உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான்.

ஒரு சனிக்கிழமை வரிசையைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“கம்பெனில பேசி ஒரு ஒதவி பண்ணு டாக்டரம்மா. பாபு துன்ற சாம்பார்ல இந்த மாத்திரைய போடச் சொல்லி கேன்டீன்காரன் கைல சொல்லு.”

மாணவி ஷாரோன் களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் முறைத்தேன்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. இத்தனை நாளும் ரசத்தில் கரைத்துத்தான் கொடுத்திருக்கிறாள். இப்போது ஷிப்ட், ஓ.டி. என்று அவன் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுகிறான். மாத்திரை உள்ளே போகவில்லை. மெஷின் சத்தத்துக்குள் சூபர்வைசர் தன்னைத் திட்டுவதாகப் புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

“யாரையாச்சும் அடிச்சிட்டான்னா வேலை பூடும். மறுபடியும் கயித்த எடுக்கணுமா நானு?”

“உன்னை என்ன செய்யறது! நாளைக்கே கூட்டிட்டு வா. என் முன்னால உண்மையைச் சொல்லு.”

“சொன்னா என்னை வெறுத்துடுவான்.”

“பெத்த அம்மாவை எவனாவது வெறுப்பானா? போ, போ” என்றேன்.

மறுநாள் ஞாயிறு. அவர்களுக்காகவே ஷாரோனுடன் போனேன். செங்கமலம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

“ரெண்டு வருசமாவா?” என்றான் பாபு.

“ஆமாடா.”

“நானே தேறிட்டேன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு கீறேன்.”

அவன் என் பக்கம் கையை நீட்டினான். “குடுங்க மேடம். இனிமே நானே போட்டுக்கறேன்.”

சொன்னபடியே செய்தான். குரல்கள் அடங்கின, வேலையும் நிரந்தரமானது. மாதாமாதம் அவனே வந்து மாத்திரை வாங்கினான். வகுப்பில் இதை வெற்றிக்கதையாகவே நான் நடத்தினேன். ஷாரோனுக்கும் ரொம்பப் பெருமை.

கொஞ்ச நாள் கழித்துச் செங்கமலம் தனியாக வந்தாள். மாணவர்கள் சுற்றி நின்றார்கள்.

“என்ன, பையன் எப்படி இருக்கான்?” என்றேன் உற்சாகமாக.

“நல்லா கீறான். வூட்ல இருந்தா அவனே பொங்கித் துன்றான். நான் ஒரு சொம்பு தண்ணி குடுத்தாக்கூட கீழ ஊத்திட்டு, அவனே மொண்டு குடிக்கறான்.”

“கொஞ்ச நாள் போனா சரியாயிடும்மா.”

“அவனுக்குப் புத்தி தெளிஞ்சிச்சு டாக்டரம்மா. நான் வெஷம் வெக்கறவளா ஆயிட்டேன்.”

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. மாணவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்துபோய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.